கண்ணுக்குத் தெரிந்தது, தேடினால் கிடைக்கவில்லை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பிக்கட்டி குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பேசுவேன், அதுவும் பாயில் உட்கார்ந்துகொண்டு. பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி பிக்கட்டிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. போன மாதம் தலைவி அக்கா கூப்பிட்டு, "உங்க குழு வெப்சைட் வெச்சிருக்கீங்களே, அதைப் பத்தி மத்த குழுவுக்கும் சொல்லு" என்றார். "அக்கா, அதுல நான் பண்ணின தப்பைத்தான் சொல்ல முடியும்" என்றேன். "அதையே சொல்லு, மத்தவங்க அந்தத் தப்பைப் பண்ணாம இருப்பாங்க" என்றார். அதனால் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லார் வீட்டிலும் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பச்சை இலை விலையை நம்பி வீட்டுச் செலவு ஓடுமா ஓடாதா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட ஏதாவது செய்யலாம் என்று நம்ம வீட்டு மசாலாப் பொடியும், காயவைத்த பட்டர் பீன்ஸும் பாக்கெட் போட ஆரம்பித்தோம். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஸ்டால் கிடைத்தால் நன்றாகப் போகும். சீசன் முடிந்தால் பாக்கெட் அப்படியே பரணில்.

அந்த ஸ்டாலில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு, "ஊருக்குப் போனதும் திரும்ப வேணும்னா எப்படி வாங்கறது? வெப்சைட் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் நான்தான் பேச்சை எடுத்தேன். குழு நிதியிலிருந்து 9,500 ரூபாய் எடுத்து வெப்சைட் செய்வது என்று தீர்மானம் போட்டோம். தீர்மானப் புத்தகத்தில் பன்னிரண்டு கையெழுத்து. இரண்டு அக்காவுக்கு மனசில்லை, என் முகத்துக்காகப் போட்டார்கள்.

கீழே டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் எல்லாம் அடிக்கிற கடை. அந்தத் தம்பி நல்ல தம்பி. "எப்படி வேணும்னு சொல்லுங்க அக்கா, அப்படியே செய்யறேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகா இருக்கணும்" என்றேன். எழுத்து வளைந்து வளைந்து வரணும், பின்னால் தேயிலைத் தோட்டம் தெரியணும், பெயர் தங்கக் கலரில் மின்னணும். பதினைந்து மாதிரி எழுத்து காட்டினார், நான் பதினாறாவது கேட்டேன்.

அவர் கேட்டதைக் கேட்டபடியே செய்து கொடுத்தார். குழு பெயர், பொருள் பெயர், விலை, போன் நம்பர் எல்லாவற்றையும் பத்திரிகை அடிக்கிற மாதிரியே டிசைன் பண்ணி, அதைப் படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். கீழே எங்களைப் பற்றி நாலு பத்தி. அதை அச்சு வேலைக்குப் பயன்படுத்துகிற பழைய பாமினி எழுத்தில் அடித்து, அந்த எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து வைத்தார். போனில் திறந்து பார்த்தால் கண்ணைப் பறித்தது. வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன். என் வீட்டுக்காரர்கூட "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

அப்புறம் எட்டு மாதம். ஒரு ஆர்டர் இல்லை, ஒரு போன் இல்லை. இருந்த ஒன்றிரண்டு அழைப்பும் நாங்களே சொந்தக்காரர்களைவிட்டுப் பண்ணிப் பார்த்தது.

மாதக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போது அந்த 9,500 வந்தால் என் தலை குனிந்துவிடும். ஒரு அக்கா, "அந்தக் காசுக்கு நல்ல அரவை மெஷினுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்" என்றார். அதைத் தாங்கிக்கொண்டேன். இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே, "கடைக்காரர் உனக்கு எவ்வளவு கொடுத்தார்?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார், இப்போது எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாதம் ஐந்நூறு ரூபாயாக நானே கட்டிவிடுகிறேன் என்று அடுத்த கூட்டத்தில் சொல்ல முடிவு பண்ணியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எத்தையம்மன் பண்டிகைக்கு என் அண்ணன் மகள் வந்தாள். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போனில் டாக்பேக் என்று ஒன்று இருக்கிறது, திரையில் விரல் வைத்தால் அங்கே இருக்கிறதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அதை வைத்து அவள் எல்லாம் பண்ணுவாள், என்னைவிட வேகமாக. "அத்தை, உங்க வெப்சைட் அனுப்புங்க, கேக்கறேன்" என்றாள். அனுப்பினேன்.

அவள் விரலை வைத்தாள். போன் "படம்" என்றது. கீழே நகர்த்தினாள். "படம்." இன்னும் கீழே. "படம்." அப்புறம் நாங்கள் எழுதின நாலு பத்தி வந்தது. போன் தமிழும் இல்லாமல் இங்கிலீஷும் இல்லாமல் என்னவோ உளறியது.

"அத்தை, இங்க ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "என்னடி ஒண்ணும் இல்ல? குழு பேர் இருக்கு, விலை இருக்கு, போன் நம்பர் இருக்கு, இவ்வளவு பெருசா இருக்கு" என்றேன்.

"உங்க கண்ணுக்கு இருக்கு அத்தை. எனக்கு இல்ல. எனக்கு இல்லன்னா கூகுளுக்கும் இல்ல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. அவள் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு எழுத்து தெரியாது. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். கலரைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், சரியாக எடுத்துவிடுவார். கூகுள் மாதிரித் தேடுபொறி இருக்கிறதே, அது என் மாமியாருக்கு நேர் எதிர். எழுத்தை மட்டும்தான் நம்பும். ஒவ்வொரு வெப்சைட்டாகப் போய், அங்கே எழுத்தாக இருக்கிற வார்த்தைகளை எல்லாம் படித்து, எந்த வார்த்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரிய பேரேடு ஒன்று போட்டுவைத்துக்கொள்ளும். பெங்களூரில் ஒருத்தர் "நீலகிரி மசாலா பொடி" என்று தேடினால், அந்தப் பேரேட்டைப் புரட்டித்தான் பதில் சொல்லும். எங்கள் பக்கத்துக்கு வந்தபோது பேரேட்டில் எழுத அதற்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. படத்துக்குள் இருக்கிற எழுத்தைக்கூட இப்போது மெஷின் ஓரளவு படிக்கிறது, உண்மைதான். ஆனால் அதை நம்பிக் கடையைத் திறக்க முடியாது. மழை வரலாம் என்று நம்பி நாற்று விடுகிற கதைதான்.

சரி, படத்தில் இருந்தது போகட்டும். கீழே எழுத்தாகத்தானே நாலு பத்தி அடித்திருந்தோம், அது ஏன் போகவில்லை? இது நம்ம தமிழுக்கே உள்ள பிரச்சினை. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்றால் ஒரு எண். நம்ம குழுவில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு உறுப்பினர் எண் இருக்கிற மாதிரி. தமிழ் கம்ப்யூட்டருக்கு வந்த காலத்தில் தமிழ் எழுத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட தனி எண் புழக்கத்தில் இல்லை. அதனால் இங்கிலீஷ் எழுத்தின் எண்ணை வாங்கி, அதன்மேல் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கண்ணுக்கு "அம்மா" என்று தெரியும். உள்ளே பதிவாகியிருப்பது இங்கிலீஷ் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அந்த "அ"வுக்கு உள்ளே இருக்கிற எண் 109, அது இங்கிலீஷ் சின்ன எம்மின் எண். எங்கள் பத்தி "அம்மா கைப்பக்குவம்" என்றுதான் ஆரம்பிக்கும். கூகுளும், அண்ணன் மகளின் போனும் படித்தது எம், கே, அரைப்புள்ளி.

அடுத்தவர் ஆதார் கார்டில் நம்ம போட்டோவை ஒட்டிவைத்த மாதிரி. ஆளைப் பார்க்கிறவர்களுக்குச் சரியாகத்தான் இருக்கும், நம்பரைப் போட்டுத் தேடினால் வேற ஆள் வருவார்.

அதிலும் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி வரைந்து வைத்தார்கள். பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம் ஒன்று இருந்ததாம். அந்தப் பேப்பரைப் படிக்க அந்த எழுத்துருவை இறக்கணும், இந்தப் பேப்பருக்கு இதை இறக்கணும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையம் 99 மாநாடு நடத்தி, இதை ஒழுங்குபண்ணத்தான் பார்த்தார்கள். யூனிகோடு என்று உலகத்து மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கிற ஏற்பாட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் "அ"வுக்கு 2949, "ம"வுக்கு 2990. இந்த எண் வேறு எந்த மொழி எழுத்துக்கும் கிடையாது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இப்போது நீங்க போனில் வாட்ஸ்அப்பில் அடிக்கிற தமிழ் எல்லாம் யூனிகோடுதான். உங்களுக்குத் தெரியாமலே நீங்க சரியாகப் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அச்சுக் கடைகளில் இன்னும் பழைய எழுத்து ஓடுகிறது. அச்சுக்கு அது போதும், காகிதத்தில் யாரும் தேடுபொறி வைத்துத் தேடப் போவதில்லையே. அதே பழக்கத்தில் வெப்சைட் செய்தால்தான் எங்கள் கதை ஆகிறது.

மதுரைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அண்ணன் மகள்தான் சொன்னாள். 1998 பொங்கலில் ஆரம்பித்தது. உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் போடுகிறார்கள். அவர்களும் முதலில் வேறு முறையில்தான் அடித்தார்கள், அப்புறம் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால் இன்று ஒரு பழைய பாட்டில் பாதி வரி ஞாபகம் இருந்தாலும் அடித்தால் கிடைக்கிறது. அவளுக்குப் பாடப் புத்தகம் மாதிரி அதுதான், போன் படித்துச் சொல்கிறது. அவ்வளவு பெரிய வேலையையே மாற்றியிருக்கிறார்கள், நம்ம நாலு பத்தியை மாற்ற முடியாதா என்றாள்.

மாற்றுவதற்கு முதலில் பாஸ்வேர்டு வேணும். கடையில் கேட்டேன். அந்தத் தம்பி தேடி எடுத்துக் கொடுத்தார், ஒரு வாரம் ஆனது. வெப்சைட் பெயரும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்காக்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்சைட் பெயர் குழுவின் பெயரில் பதிவாகணும், பாஸ்வேர்டு ஊக்குநர் கையிலும் பிரதிநிதி கையிலும் இருக்கணும். பேங்க் பாஸ்புக்கைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்போமா?

அப்புறம் மூன்று நாள் சாயங்காலம். இலை எடை போட்டு வந்து, சோறு ஆக்கிவைத்துவிட்டு, நானும் அவளும் உட்கார்ந்தோம். நான் போனிலேயே தமிழில் அடிப்பேன், அவள் கேட்டுப் பார்த்துச் சரி தப்பு சொல்வாள். பார்வை இல்லாத பிள்ளை எனக்கு வெப்சைட் பார்த்துக் கொடுத்தாள்.

எனக்குப் பெரிய கவலை அந்த அழகு போய்விடுமே என்பதுதான். சாதா எழுத்தில் போட்டால் ரேஷன் கடை போர்டு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. யூனிகோடிலேயே அழகான எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் எழுத்துருப் பக்கத்தில் போய்த் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் வரிசையாக வரும். கவிவனார் என்று ஒன்று, கையெழுத்து மாதிரி சாய்ந்து இருக்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம், மீரா இனிமை என்று இன்னும் இருக்கின்றன. குழு பெயருக்குக் கவிவனார் வைத்தேன், மற்றதுக்கு முக்தா மலர். உள்ளே எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, மேலே சேலை மட்டும் மாறுகிறது. தங்கக் கலர்கூட வைத்துக்கொள்ளலாம். நான் வைத்தேன், அப்புறம் வெயிலில் போனைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கரும்பச்சைக்கு மாற்றிவிட்டேன்.

ஆசைக்கு ஐந்தாறு எழுத்துரு வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் பார்க்கிறவர் போன் இறக்கியாகணும். இரண்டு போதும்.

படத்துக்கு வருகிறேன். படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மசாலாப் பொடியை மோந்து பார்க்க முடியாதவர்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நான் எங்கே தப்பு பண்ணினேன் என்றால், போனில் எடுத்த போட்டோவை அப்படியே போட்டிருந்தேன். ஒரு படம் நாலு எம்பி. பதினோரு படம். நம்ம ஊரில் ஜூலை மாதம் காற்று மழையில் சிக்னல் எப்படி இருக்கும்? என் வெப்சைட்டை என் வீட்டிலேயே திறக்க முடியவில்லை, ஜன்னல் ஓரம் நின்று கையைத் தூக்கிப் பிடிக்கணும். பக்கம் மெதுவாகத் திறந்தால் வந்தவர் போய்விடுவார், தேடுபொறியும் அந்த மெதுவைக் கணக்கில் எடுக்கும். படத்தைச் சுருக்கிக் கொடுக்க ஸ்குவூஷ் என்று இலவச வசதி இருக்கிறது. நாலு எம்பி படம் நூறு, நூற்றைம்பது கேபிக்கு வந்துவிட்டது. முன்னால் இருந்ததுக்கும் இதுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

படத்தின் பெயர் ஐஎம்ஜி என்று போட்டு ஏதோ நம்பராக இருந்தது. அதை இங்கிலீஷில் "பட்டர் பீன்ஸ் நீலகிரி" என்று வருகிற மாதிரி மாற்றினோம். சின்ன வேலை, ஆனால் தேடுபொறிக்கு ஒரு துப்பு.

பெரிய வேலை மாற்று உரை. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். படம் திறக்காவிட்டால் அந்த வரி தெரியும். பார்வை இல்லாதவர்களுக்குப் போன் அந்த வரியைப் படிக்கும். தேடுபொறியும் அந்த வரியைப் படித்துத்தான் படத்தைப் புரிந்துகொள்ளும். எங்கள் பதினோரு படத்திலும் அந்த இடம் காலி. அதனால்தான் போன் "படம், படம்" என்று சொல்லிக்கொண்டே போனது.

விலையையும் போன் நம்பரையும் படத்திலிருந்து வெளியே எடுத்து எழுத்தாகப் போட்டோம். இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம். மிளகாய் விலை ஏறினால் எங்கள் பாக்கெட் விலையையும் மாற்றணும். முன்னாடி அதுக்குக் கடைக்குப் போய்ப் படத்தைத் திருத்த 300 ரூபாய், பஸ் காசு தனி. இப்போது பால் கறந்து வந்து கை கழுவிவிட்டு நானே மாற்றிவிடுகிறேன். நம்பர் எழுத்தாக இருப்பதால் விரல் வைத்தால் நேராக போன் போகிறது.

பக்கத்தின் தலைப்பு என்று ஒரு இடம் இருக்கிறது, தேடும்போது நீல எழுத்தில் முதலில் வருவது அதுதான். எங்களுடையதில் "ஹோம்" என்று மட்டும் இருந்தது. "பிக்கட்டி படுகர் மசாலாப் பொடி, உலர் பட்டர் பீன்ஸ், நீலகிரி" என்று வைத்தோம். ஊர்ப் பெயர் ஒரு தனித் தொல்லை. தமிழில் பிக்கட்டி என்றும் எழுதுகிறார்கள், பிக்கெட்டி என்றும் எழுதுகிறார்கள். இங்கிலீஷில் நடுவில் ஒருத்தர் ஏ போடுவார், ஒருத்தர் இ போடுவார், கடைசியில் ஒருத்தருக்கு ஐ, ஒருத்தருக்கு ஒய். எந்த மாதிரி அடித்துத் தேடுவார்களோ யாருக்குத் தெரியும்? அதனால் "எங்கள் ஊரை இப்படியும் எழுதுவார்கள்" என்று முகவரிக்குக் கீழே ஒரு வரி எழுதி, மஞ்சூர் பக்கம், குந்தா பக்கம் என்றும் சேர்த்தேன். வீட்டில் நாம் பேசுவது படுகு, அதுக்குத் தனி எழுத்து கிடையாது. பீன்ஸுக்கு நம்ம "அவரெ" என்கிற பேரையும் தமிழ் எழுத்திலேயே போட்டேன். ஊரை விட்டுப் போன நம்ம பிள்ளைகள் அந்தப் பேரில்தானே தேடுவார்கள்.

இதைக் கேட்டுவிட்டு என் கொழுந்தனார் மகன் ஒரு யோசனை சொன்னான். "சித்தி, வெள்ளைப் பேப்பர்ல வெள்ளை எழுத்துல ஊட்டி ஊட்டி ஊட்டின்னு நூறு தடவை, ஹோம்மேட் சாக்லேட்னு நூறு தடவை எழுதிடுங்க. யாருக்கும் தெரியாது, கூகுளுக்கு மட்டும் தெரியும்." கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் மகள் கேட்டுவிட்டு, "எனக்கும் தெரியுமே, என் போன் நூறு தடவை ஊட்டி ஊட்டின்னு படிக்கும்" என்றாள். மறைத்து எழுதுவதைக் கூகுள் விதியிலேயே தடுத்திருக்கிறார்கள், கண்டுபிடித்தால் பக்கத்தையே பின்னால் தள்ளிவிடும் அல்லது எடுத்துவிடும். நாங்கள் சாக்லேட் விற்பதும் இல்லை. தராசுக்கு அடியில் புளி ஒட்டுகிற வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இதையெல்லாம் பண்ணின மறுநாளே ஆர்டர் கொட்டியது என்று சொன்னால் நீங்க நம்பக் கூடாது. ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாகக் கொடுக்கிறது, நம்ம பக்கம் எந்த வார்த்தைக்கு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று காட்டும். பழைய எட்டு மாதத்துக்கு அதில் வெறும் முட்டை. அஞ்சாவது வாரம் ஏழு பேர் என்று காட்டியது. நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டேன். "ஏழு பேரா?" என்று ஒரு அக்கா கேட்டார், அந்தக் கேள்வியில் பாதி கிண்டல். எனக்கு அந்த ஏழு பெரிசு.

அஞ்சு நாள் கழித்து பெங்களூரிலிருந்து ஒரு போன். நான் தோட்டத்தில் இருந்தேன், கூடை முதுகில். "படுகர் மசாலான்னு தேடினேன், உங்க நம்பர் வந்தது" என்றார் அந்தப் பெண். நம்ம பக்கத்து ஊர்ப் பெண்தான், அங்கே வாக்கப்பட்டுப் போனவர். பேச்சு படுகுக்கு மாறிவிட்டது. அரைக் கிலோ பொடி, இரண்டு கிலோ அவரெ. பார்சல் கட்டி போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டு ரசீதைக் கூட்டத்தில் வைத்தேன். கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டாரே அந்த அக்கா, அவர்தான் ரசீதை வாங்கி முதலில் பார்த்தார். இப்போது பார்சல் கட்டுகிற வேலை அவருடையது. என்னைவிட நன்றாகக் கட்டுகிறார், ஒரு பாக்கெட்டும் பிரிந்ததாகப் புகார் வரவில்லை.

இன்னைக்கு மாதம் ஆறு, ஏழு பார்சல் போகிறது, பண்டிகை மாதத்தில் பத்து பன்னிரண்டு. இதை வைத்து யாரும் மாடி கட்டப் போவதில்லை. சீசன் இல்லாத மாதத்திலும் பரணில் பாக்கெட் தங்குவதில்லை, அவ்வளவுதான். அந்த 9,500 போன ஆடி மாதத்தோடு லாபத்திலிருந்தே குழு நிதிக்குத் திரும்பிவிட்டது. மாதம் ஐந்நூறு கட்டுகிறேன் என்று சொல்லவேண்டிய வேலை எனக்கு வரவில்லை.

உங்கள் குழுவில் யாராவது வெப்சைட் செய்திருந்தால், அல்லது செய்யப்போவதாக இருந்தால், ஒரு சோதனை சொல்கிறேன், காசு வேண்டாம். பக்கத்தைப் போனில் திறந்து ஒரு வார்த்தைமேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்த வார்த்தை நீலமாகி, காப்பி பண்ணட்டுமா என்று கேட்டால் அது எழுத்து. படத்தைச் சேமிக்கவா என்று கேட்டால் அது படம். காப்பி பண்ணினதை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் சரி. எம், கே, அரைப்புள்ளி என்று வந்தால் பழைய எழுத்து. சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் போனைக் கொண்டுவந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன்.

தலைவி அக்காவுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சு மலரில் அச்சாகும் என்றீர்கள். அச்சுக் கடையில் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் எல்லாக் கட்டுரையையும் யூனிகோடில் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பின்னால் கூட்டமைப்பு வெப்சைட்டில் போட்டால் என் அண்ணன் மகளும் படிக்கணும்.

கடைசியாக, எங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரு படம். வாசலில் பீன்ஸ் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் மாமியார்தான். அந்தப் படத்துக்கு மாற்று உரை எழுத ராத்திரி ரொம்ப நேரம் யோசித்து, "நீலகிரி பிக்கட்டியில் பட்டர் பீன்ஸ் காயவைக்கும் பெண்" என்று எழுதினேன். மாமியார் அடுப்போரம் உட்கார்ந்து, என்ன எழுதினாய், படித்துக் காட்டு என்றார். படித்தேன். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காயவைக்கும் பெண்ணா? சொத்தையைப் பொறுக்கிக்கிட்டு இருக்கேன். எதுக்கு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்ச?"

படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவர் மடியில் சொத்தை பீன்ஸ் தனியாக ஒரு குவியல் இருந்தது. நானே எடுத்த போட்டோ, எனக்கு அது கண்ணில் படவில்லை. "காய்ந்த பட்டர் பீன்ஸில் சொத்தையைக் கையால் பொறுக்கி எடுக்கும் பாட்டி, பிக்கட்டி, நீலகிரி" என்று மாற்றினேன். பெங்களூர்ப் பெண் போனில் முதலில் கேட்டதும், "அந்தப் பாட்டி பொறுக்கின அவரெதானே?" என்றுதான்.